சஸ்பெக்ட், டவுட் இரண்டும் ஒன்றா? சஸ்பெக்ட் என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது?

ஒன்றில்லை. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றதை வைத்தால் வாக்கியத்தின் பொருளே தலைகீழாகிவிடும்.

'ஐ சஸ்பெக்ட் ஹி இஸ் லையிங்' என்றால், அவன் பொய் சொல்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'ஐ டவுட் ஹி இஸ் லையிங்' என்றால், அவன் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. தமிழில் இரண்டுக்குமே சந்தேகம் என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இது நடந்தது. ஒரு ஃபைல் கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்து, மேலதிகாரிக்கு 'ஐ டவுட் த ஃபைல் இஸ் கரப்டட்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு, அவர் அதை வைத்தே வேலையை முடித்துவிட்டார். மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. அதற்கப்புறம்தான் இந்தச் சொல்லின் வேரைத் தேடிப் படித்தேன்.

லத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'ஸ்பெக்கெரே' என்றால் பார்ப்பது. இரண்டும் சேர்ந்தால் கீழிருந்து பார்ப்பது. தலையைக் குனிந்தபடி கண்ணை மட்டும் உயர்த்தி ஒருவரைப் பாருங்கள், அந்தப் பார்வையே சந்தேகப் பார்வையாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், அண்ணாந்து பார்ப்பதும் கீழிருந்து பார்ப்பதுதானே? அதனால் அந்த லத்தீன் சொல்லுக்கு ஒருவரை வியந்து மதிப்பது என்ற பொருளும் இருந்தது! ஆங்கிலத்தில் நிலைத்தது சந்தேகம்தான். இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட் எல்லாம் இதே வேரில் பிறந்தவை.

டவுட் வேறு குடும்பம். அதன் வேரில் இருப்பது 'இரண்டு' என்பதற்கான லத்தீன் சொல். இப்படியா அப்படியா என்று இரண்டு பக்கமும் இழுபடும் மனம் அது. சஸ்பெக்ட் என்பதோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட மனம், கையில் சான்று மட்டும் இல்லை. மருத்துவ அறிக்கையில் 'சஸ்பெக்டட்' என்று எழுதுவதும் இந்தப் பொருளில்தான்: நோய் இருக்கலாம் என்று கருதுகிறார்கள், இன்னும் உறுதியாகவில்லை.

உச்சரிப்பையும் கவனியுங்கள். வினையாக வரும்போது அழுத்தம் 'பெக்ட்' மேல் விழும். சந்தேகத்துக்குரிய ஆளைக் குறிக்கும்போது 'சஸ்' மேல் விழும். இணையத்தில் இளைஞர்கள் சொல்லும் 'சஸ்' இதன் சுருக்கம்தான். 2018 இல் வந்த 'அமாங் அஸ்' விளையாட்டு 2020 இல் பரவியபோது அதுவும் கூடவே பரவியது.

இன்னொன்று, 'ஹி இஸ் சஸ்பீஷியஸ்' என்றால் அவர் சந்தேகப்படுகிறாரா, அவர்மேல் சந்தேகமா என்பது தெரியாது. அவர்தான் சந்தேகப்படுகிறார் என்றால் பின்னால் 'ஆஃப்' போட்டு, யார்மேல் என்பதையும் எழுதிவிடுங்கள்.