உதவி–வளர்ச்சி ரிக்ரஷனில் மைனஸ் வந்தால் என்ன எழுதுவது?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக ஒரு வளரும் நாட்டின் 30 ஆண்டுத் தரவை எடுத்து, வெளிநாட்டு உதவியை ஜிடிபியின் (மொத்த உள்நாட்டு உற்பத்தி) சதவீதமாகப் போட்டு, வளர்ச்சி விகிதத்தோடு ரிக்ரஷன் (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) ஓட்டினேன். மைனஸ் வருகிறது. உதவி வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று எழுதிவிடலாமா?

எழுதாதீர்கள், வைவாவில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். வறட்சியோ உள்நாட்டுப் போரோ வந்து உற்பத்தி படுத்துவிட்டால், அதைப் பார்த்துத்தான் உதவியே வருகிறது. எது முந்தி, எது பிந்தி என்று உங்கள் கெழு (ரிக்ரஷன் தரும் அந்த மைனஸ் எண்) சொல்லாது.

அதைவிட மோசமான வில்லங்கம் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. உதவி 100 கோடி டாலர், ஜிடிபி 1,000 கோடி என்றால் 10 சதவீதம். மறு ஆண்டு ஜிடிபி 800 கோடியாகச் சரிந்தால், உதவி ஒரு டாலர்கூட ஏறாமலேயே 12.5 சதவீதமாகிவிடும். மைனஸ் வராமல் என்ன செய்யும்? முந்தைய ஆண்டு ஜிடிபியால் வகுத்துப் பாருங்கள், அல்லது விலைவாசியைக் கழித்த தலா உதவியைப் போடுங்கள்.

அப்புறம், தரவில் திடீரென்று எகிறும் ஆண்டுகளைத் தனியாகப் பாருங்கள். நைஜீரியாவுக்கு 2005-06இல் பாரிஸ் கிளப் (கடன் கொடுத்த அரசுகளின் குழு) நாடுகள் சுமார் 1,800 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தன, அது உதவிக் கணக்கில் ஏறியது. ஆனால் அந்த ஒப்பந்தப்படி நைஜீரியாதான் சுமார் 1,200 கோடி டாலரைக் கையிலிருந்து கட்டியது! தள்ளுபடியைக் கழிக்காமல் ஓட்டினால் அந்தக் கெழுவுக்கு அர்த்தமே இல்லை.

எல்லா உதவியும் ஒரே வேகத்தில் வேலை செய்யாது என்பதும் உண்டு. சாலை, மின்சாரம் என்றால் சில ஆண்டுகளில் தெரியும், பள்ளிக்குப் போன பணம் தெரிய ஒரு தலைமுறை ஆகும், பஞ்ச நிவாரணம் உயிரைக் காப்பாற்றும், வளர்ச்சிக் கணக்கில் தேடக்கூடாது.

இலக்கிய ஆய்வில் பொருளாதார ஆய்வாளர்கள் கிரெய்க் பர்ன்சைடும் டேவிட் டாலரும் 2000இல் சொன்ன 'நல்ல கொள்கை இருந்தால் உதவி பலிக்கும்' என்பதை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். 2004இல் ஈஸ்டர்லி, லெவின், ரூட்மன் கூடுதல் தரவைச் சேர்த்ததும் அந்த முடிவு ஆட்டம் கண்டது. எனக்குப் பிடித்தது 2017இல் கலியானி குழு செய்தது: உலக வங்கியில் ஏழை நாடுகளுக்குச் சலுகைக் கடனும் மானியமும் தரும் பிரிவான ஐடிஏவின் வருமான வரம்பைத் தாண்டிய நாடுகளுக்கு உதவி குறைவதைப் பிடித்துக்கொண்டு, தேசிய வருமானத்தில் உதவியின் பங்கு ஒரு சதவீதப் புள்ளி கூடினால் தலா வளர்ச்சி சுமார் 0.35 புள்ளி கூடும் என்று கண்டார்கள்.

ஒரே நாட்டின் 30 புள்ளிகளில் இந்த அளவை உறுதியாகப் பிடிப்பது கஷ்டம். கைடு ஒப்புக்கொண்டால் பல நாடுகளின் பேனல் தரவுக்கு (ஒவ்வொரு நாட்டையும் பல ஆண்டுகள் தொடரும் தரவு) மாறுங்கள். நேரமில்லையா, சரி, 'எதிர்மறைத் தொடர்பு தெரிகிறது, காரணம் இதிலிருந்து நிறுவப்படவில்லை' என்று எழுதி, மேலே சொன்ன திருத்தங்களோடு ஓட்டிய அட்டவணையைப் பக்கத்திலேயே வையுங்கள்.