லெப்பர்ட் கெக்கோ பல்லியின் தொட்டிக்கு ஹீட் மேட் மட்டும் போதுமா, தெர்மோஸ்டாட்டும் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஹீட் மேட் தொட்டிக்குச் சூடு தரும் விரிப்பு, அந்தச் சூட்டை அளந்து கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட். "மேட்டை இப்போ வாங்கிக்கோங்க, தெர்மோஸ்டாட்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த "அப்புறம்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

என் கெக்கோ இன்னொருவர் வளர்க்க முடியாமல் கொடுத்தது. வாங்கித் திருப்பிப் பார்த்தால் வயிற்றில் பழுப்பாக, காய்ந்த தோல்போல ஒரு பட்டை. மேட் சூட்டில் வெந்திருக்கிறது. சுட்டால் தானே நகர்ந்துவிடும் என்று நம்பாதீர்கள், வேகிற சூட்டிலும் ஊர்வன அப்படியே படுத்திருக்கும். மருத்துவர் சொன்னபடி மணலை எடுத்துவிட்டு டிஷ்யூ விரித்து, மருந்து போட்டு வந்தேன். ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் அந்த இடத்தில் மட்டும் தோல் பிடித்துக்கொள்ளும். ஈரப் பஞ்சை வைத்து ஊறவைத்துத்தான் எடுப்பேன்.

விலை கூடியதை வாங்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மேட்டுக்கு, சூடு கூடினால் மின்சாரத்தை நிறுத்தி, குறைந்தால் மறுபடி விடும் சாதாரண ஆன்-ஆஃப் வகை தெர்மோஸ்டாட்டே போதும். வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டருக்கு, மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பல்ஸ் வகை; வெளிச்சம் தரும் பல்புக்கு, மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை. பல்பை ஆன்-ஆஃபில் மாட்டினால் அணைந்து அணைந்து எரிந்து சீக்கிரம் போய்விடும். புற ஊதாக் கதிர் தரும் யூவிபி விளக்கு தெர்மோஸ்டாட்டில் இல்லாமல் டைமரில்தான் இருக்க வேண்டும். மேட் வயரோடு வரும் திருகு குமிழைத் தெர்மோஸ்டாட் என்று நினைக்காதீர்கள். அது மின்சாரத்தைக் குறைக்குமே தவிர, சூட்டை அளக்காது. அறை சூடானால் மேட்டும் கூடவே ஏறும். "நாங்க தெர்மோஸ்டாட் இல்லாமலே வளர்க்கிறோம்" என்பவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

இதைவிட முக்கியம் ப்ரோப், அதாவது தெர்மோஸ்டாட்டின் சூட்டை அளக்கும் முனை. அது நழுவி வெளியே விழுந்தால் அறைக் காற்றை அளந்து, இன்னும் குளிர்கிறது என்று மேட்டை நிறுத்தாமல் ஓட்டும். மேட்டுக்கு நேர் மேலே, தொட்டித் தரையில் போடும் டைலுக்கு அடியில் அசையாமல் வையுங்கள். கெக்கோ தொடும் இடத்தில் டேப் கூடாது, தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

விமர்சனங்களை நம்பி வாங்காதீர்கள். பார்சல் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். எந்தப் பொருளுக்கும் இதே கதைதான், ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து எழுதுபவர் அபூர்வம்.

கெக்கோவை விடுவதற்கு முன் காலித் தொட்டியில் ஒரு முழு நாள் ஓட்டுங்கள். மதியமும் இரவும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் டைலின் மேற்பரப்பைப் பாருங்கள். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25-ஐ ஒட்டி இருந்தால் விடலாம்.