கிளினிக்கல் ட்ரையல் புள்ளியியல்: வீட்டிலிருந்தே முதுகலை படிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பி.எஸ்சி. புள்ளியியல் முடித்த மகள், மருந்து ஆய்வுகளுக்கான (கிளினிக்கல் ட்ரையல்) புள்ளியியலை ஆன்லைனில் முதுகலையாகப் படிக்க ஆசைப்படுகிறாள். அம்மாவின் உடல்நிலை காரணமாகத் திருநெல்வேலியை விட்டு அவளால் இப்போது நகர முடியாது. "இது ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வைத்துப் பரிசோதிக்கிற வேலையா? ஆன்லைன் பட்டத்தை யார் மதிப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவள் நோயாளியைத் தொடவே மாட்டாள். ஒரு புது மருந்தைச் சோதிக்க எத்தனை பேர் வேண்டும், அவர்களை எப்படி இரண்டாகப் பிரிப்பது, எதை அளப்பது, பாதியில் விலகியவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதையெல்லாம் முடிவு தெரிவதற்கு முன்பே எழுதி வைப்பதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. தரவு வந்த பிறகு எழுதி வைத்தபடியே கணக்குப் போட வேண்டும். வசதிக்கேற்ப மாற்றக் கூடாது. அந்த எண்ணை நம்பித்தான் ஒரு மருந்து கடைக்கு வருகிறது அல்லது கைவிடப்படுகிறது. பொறுப்பான வேலை ஐயா.

போன மாதம் உங்கள் மகள் என்னைப் பார்க்க வந்தாள் அல்லவா, அப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிக் கொடுத்தேன்: 55, 4, 52, 14. பிரிட்டனில் 1948இல் வெளியான காசநோய் ஆய்வின் எண்கள் அவை. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைப் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். இந்தத் தாளைக் கொடுத்தால் பிள்ளைகள் பெரும்பாலும் உடனே கால்குலேட்டரைத் தேடுவார்கள். இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு மருந்து, யாருக்கு இல்லைன்னு யார் சார் முடிவு பண்ணாங்க?" என்று கேட்டாள்.

அந்த ஆய்வின் உயிரே அந்தக் கேள்விதான். டாக்டர்களிடம் விட்டிருந்தால், தேறுவார் என்று தோன்றியவருக்கே மருந்தைக் கொடுத்திருக்கக்கூடும். அப்புறம் பிழைக்க வைத்தது மருந்தா, அவர் உடம்பா என்று சொல்லவே முடியாது. அதனால் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் எந்த ஒழுங்கும் இல்லாத சீரற்ற எண்களைக் கொண்டு பிரித்து, யாருக்கு எது என்பதை மூடிய உறைகளுக்குள் வைத்தார். ஒரு நோயாளியைச் சேர்த்த பிறகுதான் அவருக்கான உறையைத் திறப்பார்கள்.

நம் சென்னைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. காசநோயாளியைச் சானடோரியத்தில் (காசநோய்க்கான தங்கும் மருத்துவமனை) வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதாதா என்று 193 நோயாளிகளைக் கொண்டு இங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டுச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தது. காசநோய் சிகிச்சை உலகெங்கும் வீட்டுக்கு வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். அதை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

சரி, ஆன்லைன் விஷயத்துக்கு வருகிறேன். என் கருத்து இதுதான்: முதலில் பொதுவான புள்ளியியல் முதுகலை, அதற்குப் பிறகு கிளினிக்கல் ட்ரையல். எடுத்த எடுப்பிலேயே குறுகலான படிப்பில் போய் நிற்க வேண்டாம். புள்ளியியல் முதுகலை இருந்தால் வங்கி, காப்பீடு, அரசுப் புள்ளியியல் துறை என்று மற்ற கதவுகளும் திறந்திருக்கும். அஞ்சல்வழியில் இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தரும் பயன்பாட்டுப் புள்ளியியல் முதுநிலை டிப்ளமோ முதுகலைப் பட்டம் அல்ல என்றாலும், அதில் உயிர்ப்புள்ளியியல் (மருத்துவத் தரவுகளுக்கான புள்ளியியல்) பாடமும் உண்டு. பிற்பாடு வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தால், வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியல் எம்.எஸ்சி. நேரடியாகவே படிக்கலாம். மருத்துவமனைக்கு உள்ளேயே இருந்து இந்தப் பாடத்தைப் படிப்பதற்கு ஈடு இல்லை.

வெளிநாட்டுப் படிப்புகளில், லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசின் பாடம் அமைத்து, லண்டன் பல்கலைக்கழகம் தொலைநிலையில் தரும் கிளினிக்கல் ட்ரையல்ஸ் எம்.எஸ்சி. பெயர் பெற்றது. ஆனால் ஆய்வை வடிவமைப்பது, நடத்துவது, பகுப்பாய்வு செய்வது எல்லாம் கலந்த படிப்பு அது, முழுக்கப் புள்ளியியல் அல்ல. கணக்கில் ஆழம் வேண்டுமென்றால், சிட்னி, மோனாஷ் உள்ளிட்ட ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொலைநிலையில் நடத்தும் உயிர்ப்புள்ளியியல் முதுகலையைப் பார்க்கலாம். இரண்டுக்குமே கட்டணம் நம் கைக்குப் பெரிது. வீட்டை அடகு வைத்துக் கட்ட வேண்டிய நிலை என்றால் இப்போது வேண்டாம்.

இந்தியப் பல்கலைக்கழகம் எதுவானாலும், யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமல்ல, அந்தக் குறிப்பிட்ட படிப்பும் அந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம்தான். வெளிநாட்டு ஆன்லைன் பட்டமென்றால், இங்கே அரசு வேலைக்கோ பிஎச்.டி.க்கோ ஏற்பார்களா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலை பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னை பக்கம் இருக்கிறது. இளைஞர்கள் பலர் முதலில் ஸ்டாட்டிஸ்டிகல் புரோகிராமராகத்தான் (ஆய்வுத் தரவுகளைக் கணக்கிட புரோகிராம் எழுதுபவர்) நுழைகிறார்கள். சாஸ், ஆர் என்ற இரண்டு மென்பொருள்களில் கை பழகியிருக்க வேண்டும். ஆர் இலவசம். சாஸும் மாணவர்களுக்கென்று இணையவழியில் இலவசமாகக் கிடைக்கிறது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. "கிளினிக்கல் சாஸ், மூன்றே மாதம், வேலை உறுதி" என்ற விளம்பரத்தை நம்பிப் பெரிய தொகை கட்டிய ஒரு பையன் போன வருடம் என்னிடம் வந்தான். புரோகிராமை மனப்பாடமாக எழுதினான். அதில் வந்த பி-வேல்யூவுக்கு (மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வருவதற்கான வாய்ப்பைச் சொல்லும் எண்) என்ன அர்த்தம் என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. உங்கள் மகளுக்கு அந்த நிலை வரக் கூடாது.

பணம் எதுவும் கட்டும் முன் மூன்று மாதம் சோதித்துப் பாருங்கள். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் படிப்புத் தளம் வழியாக நடத்தும் ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ் படிப்பில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். அதோடு கால்குலஸ், மேட்ரிக்ஸ் இரண்டையும் தூசி தட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் படிக்கிற பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு ஒரு நிரூபணத்தில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது. அதைத் தாங்குகிறாளா என்று அவளுக்கே தெரிய வேண்டும்.

உங்கள் பங்கும் ஒன்று இருக்கிறது ஐயா. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது முழுக்க அவள் தலையில்தான் இருக்கிறது என்று அவள் பேச்சில் தெரிந்தது. வாரத்தில் இரண்டு நாளாவது நீங்களோ உங்கள் மகனோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அவள் போட்ட கணக்கு நோட்டோடு இருவரும் வாருங்கள். எந்தப் படிப்பு, எவ்வளவு கட்டணம் என்பதை அந்த நோட்டைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.