ஒளி வளைவைத் திறந்தால் புள்ளிக் கூட்டம்தான் தெரிகிறது. அதை எப்படிப் படிப்பது?

திருவாதிரையின் (பெட்டல்ஜூஸ்) ஒளி வளைவை, அதாவது அதன் ஒளி நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடத்தை, வீஸ்டார் (VStar) மென்பொருளில் திறந்துவிட்டு, "வளைவு எங்கே? எறும்பு மொய்த்ததுபோல் புள்ளிகள்தானே இருக்கின்றன" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன், அங்கேயே ஒரு மாதம் வீணாக்கினேன். அதனால் சொல்கிறேன்: இப்போதைக்குத் திருவாதிரையை மூடிவிட்டு, பெர்சியஸ் கூட்டத்திலுள்ள அல்கோல் என்ற விண்மீனைத் திறங்கள்.

நான் வானியல் படித்தவன் அல்லன். கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறையில் ஒரு பூண்டு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் லாரியில் மூட்டை ஏறி முடியும்வரை இரவில் விழித்திருப்பதும் என் வேலைதான். 2020 தொடக்கத்தில் "திருவாதிரை வெடிக்கப் போகிறது" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது, லாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தேன். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் ஒரு தோளில் திருவாதிரை, மறு தோளில் பெல்லாட்ரிக்ஸ். எப்போதும் திருவாதிரைதான் பளிச்சென்று இருக்கும். அந்தப் பிப்ரவரியில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வதே கடினமாகிவிட்டது. அது வெடிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தான் உமிழ்ந்த தூசியாலும், மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததாலும் மங்கி, சில மாதங்களில் தேறிக்கொண்டது. ஆனால் மூட்டை எண்ணுகிறவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. அக்கா மகன் என் மடிக்கணினியில் வீஸ்டாரை நிறுவிக் கொடுத்தான். இலவச மென்பொருள்தான். ஜாவா இருந்தால் போதும், ஓடும்.

முதலில் அந்த எறும்புக் கூட்டம். ஒவ்வொரு புள்ளியும் எங்கோ ஓர் ஊரில் ஒருவர் ஓர் இரவில் எழுதிய ஒரு வரி. 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் உலகெங்குமிருந்து இவற்றை வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. வீஸ்டார் அந்தக் கிடங்கிலிருந்துதான் எடுத்துத் தருகிறது. கறுப்புப் புள்ளிகள் வெறுங்கண்ணால் மதிப்பிட்டவை. பச்சைப் புள்ளிகள் வடிகட்டி வைத்துக் கருவியால் அளந்தவை. பொலிவெண் என்பது ஒளியின் அளவைச் சொல்லும் எண்; அது கண்ணுக்குக் கண் 0.2, 0.3 வேறுபடுவது சாதாரணம். அதிலும் சிவந்த விண்மீன் தொல்லை பிடித்தது. உற்றுப் பார்க்கப் பார்க்க அது பிரகாசமாகிக்கொண்டே போவதுபோல் தோன்றும். திருவாதிரையின் கறுப்புப் பட்டை அவ்வளவு தடிமனாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கறுப்பை மறைத்துப் பச்சையை மட்டும் வைத்துப் பாருங்கள், நீங்கள் தேடிய வளைவு ஓரளவு வெளியே வரும். செங்குத்து அச்சு தலைகீழாக இருப்பதாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம். பொலிவெண்ணில் எண் குறையக் குறைய ஒளி கூடும். அதனால் சிறிய எண் மேலே இருக்கிறது.

சராசரிக் கோட்டை முதல் நாளே போட்டுவிடாதீர்கள். மே முதல் ஜூலை வரை திருவாதிரை சூரியனோடு போய்விடும், புள்ளிகள் அநேகமாக இருக்காது. சராசரிக் கோடு அந்தப் பள்ளத்தைக் கவலைப்படாமல் நேர்கோட்டில் தாண்டிவிடும். பார்ப்பவருக்கு அந்த மூன்று மாதமும் யாரோ விடாமல் கண்காணித்ததுபோல இருக்கும். சரக்கே வராத மாதத்துக்குச் சராசரி போட்டுப் பேரேட்டை நிரப்பினால் எங்கள் முதலாளி என்னை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இனி அல்கோல். இது துடிக்கிற விண்மீன் அன்று. மங்கலான துணை ஒன்று பிரகாசமானதை மறைக்கிறது. பொலிவெண் 2.1இலிருந்து 3.4 வரை மங்கி மறுபடி ஏற, மொத்தம் பத்து மணி நேரம் ஆகும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை இது நடக்கும். அதாவது இன்று இரவு ஒரு மணிக்கு அடிமட்டம் என்றால், மூன்று நாள் கழித்து ஏறத்தாழ பத்து மணிக்கு. தூக்கத்தைக் கெடுக்காத நாளைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். தொலைநோக்கி வேண்டாம். ஜனவரியில் முன்னிரவில் வடக்கே உயரத்தில் நிற்கும். பக்கத்தில் இருக்கும் விண்மீன்களின் பொலிவெண்: அல்மாக் 2.1, எப்சிலான் பெர்சி 2.9, கப்பா பெர்சி 3.8. இந்த மூன்றையும் எடைக்கல்லாக வைத்துக்கொண்டு, எதைவிடக் கூட, எதைவிடக் குறைவு என்று அரைமணிக்கு ஒருமுறை எழுதினால் போதும்.

அல்கோலை நாள் வரிசையில் பார்த்தால் அதுவும் குப்பையாகத்தான் தெரியும். இரண்டு ஆண்டுப் புள்ளிகள் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு நிற்கும். மென்பொருளில் "கட்ட வரைபடம்" (Phase Plot) என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது காலத்தைப் புடவை மடிப்பதுபோல 2.867 நாள் அகலத்துக்கு மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். காலமுறை மதிப்பை, அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை, சங்கத்தின் அட்டவணையிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். கிடை அச்சில் இப்போது நாள் இருக்காது, ஒரு சுற்றில் எத்தனை பங்கு கடந்தது என்ற எண்தான் இருக்கும். மடித்த மறுநொடி குப்பை மறைந்து, பூஜ்யத்துக்கு நேராகக் கிணறு வெட்டியதுபோல் ஒரு பள்ளம் விழும். பார்த்து வாயடைத்துப் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு என் மானம் போன கதை. இரண்டு குளிர்காலங்களில், மூடுபனி வழிவிட்ட ஒன்பது இரவுகளில் நானும் அல்கோலைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். (பனிமூட்டம் ஊருக்குள் வராமல் கீழே சமவெளியை மூடிக்கொள்ளும் இரவு இருக்கிறதே, அது வரம். கீழ்நாட்டு விளக்கெல்லாம் பஞ்சுக்குள் புதைந்து வானம் கருத்துவிடும்.) அந்தக் குறிப்புகளை நாள், பொலிவெண் என இரண்டு பத்தியாகத் தட்டச்சு செய்து, அல்கோல் வரைபடத்தின்மேல் ஏற்றினேன். நாள் வரிசையில் எல்லாரோடும் கலந்து நன்றாகவே உட்கார்ந்தன. மடித்தேன். மற்றவர்களின் பள்ளம் பூஜ்யத்தில் இருக்க, என் பள்ளம் மட்டும் 0.08இல், பக்கத்து மனையில் வெட்டிய கிணறுபோல் தனியே நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டதாகவே நடமாடினேன். அக்கா மகனிடம் சொன்னதும் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, நீங்கள் எழுதிய மணி எந்த ஊர் மணி?"

0.08ஐ 68.8 மணியால் பெருக்கிப் பாருங்கள். ஐந்தரை மணி. இந்திய நேரத்தை அப்படியே உலக நேரமாகக் கொடுத்து ஜூலியன் நாளாக (வானியலாளர்கள் தேதிக்குப் பதில் தொடர்ச்சியாக எண்ணும் நாள் எண்) மாற்றியிருக்கிறேன். இரண்டு ஆண்டு அகலமுள்ள வரைபடத்தில் ஐந்தரை மணி என்பது ஒரு மயிரிழைகூட இல்லை, அதனால் அங்கே பிழை தெரியவில்லை. 69 மணிக்கு மடித்த இடத்தில் ஒளிய இடமில்லை. பேரேட்டிலும் கூட்டல் சரியாக வந்த பக்கத்தில் பிழை இருப்பதை, வேறு தலைப்பில் பிரித்து எழுதும்போதுதான் பிடிப்போம். நாற்பது வயதுக்கு மேல் அதே பாடத்தை ஒரு விண்மீனிடம் படித்தேன்.

இதை ஒட்டி நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஜூலியன் நாள் உலக நேரப்படி நண்பகல் 12 மணிக்கு மாறும். நமக்கு அது மாலை 5.30. எனவே நம் இரவு முழுவதும் ஒரே நாள் எண்ணில் அடங்கும், நடு இரவில் தேதி மாற்றும் தலைவலி இல்லை. இரவு 9.30 என்றால் நாள் எண்ணோடு சேரும் பின்னம் 0.17, இரவு 11.30 என்றால் 0.25, விடிகாலை 5.30 என்றால் 0.5. இந்த மூன்றையும் நோட்டு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

காலமுறை தேடும் கருவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது காலமுறையாக இருக்கக்கூடிய எண்களைச் சிகரங்களாக வரிசையாகக் காட்டும், காட்டுவதையெல்லாம் நம்பக் கூடாது. ஒரு நாளுக்கோ ஓர் ஆண்டுக்கோ அருகில் சிகரம் எழுந்தால், அது விண்மீனுடையதா, நாம் இரவில் மட்டும் பார்ப்பதாலும் ஆண்டுதோறும் இடைவெளி விழுவதாலும் வந்ததா என்று சந்தேகப்படுங்கள். திருவாதிரைக்கு உண்மையிலேயே 400 நாளை ஒட்டிய ஒரு துடிப்பு இருப்பதால் அங்கே குழப்பம் இன்னும் அதிகம். அதை ஆரம்பத்தில் தொட வேண்டாம் என்பதற்கு இதுவும் சேர்த்தி. மலைப்பகுதி இணையத்தில் நூறாண்டுத் தரவையும் இறக்க முயலாதீர்கள். கடைசி ஆயிரம், இரண்டாயிரம் நாள் போதும்.

கடைசியாக, "நம்மைப் போன்றவர்கள் இதில் என்ன செய்ய முடியும்" என்ற கேள்வி. 1867இல் சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி (R Reticuli) என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அந்த ஆய்வகத்தின் வழிவந்ததுதான் 1899இல் கொடைக்கானலில் அமைந்த சூரிய ஆய்வகம். பஸ்ஸில் போகும்போது சுற்றுலாப் பயணிகளுக்கு நாங்கள் கைகாட்டும் அதே கட்டடம். ஆர் ரெட்டிகுலியின் ஒளி வளைவை வீஸ்டாரில் திறந்து பாருங்கள். ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மிரா வகை, அதாவது மெதுவாகத் துடிக்கும் சிவந்த விண்மீன். தென்வானில் வெகு தெற்கே இருப்பதால் ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. எங்கள் ஊரிலிருந்து பதினேழு பாகை உயரம்வரை எழும். உச்ச ஒளியிலும் வெறுங்கண்ணுக்கு எட்டாது, பைனாகுலர் வேண்டும். எங்கள் வீட்டுக்குத் தெற்கே யூகலிப்டஸ் மறைக்கிறது. லாரி நிற்கும் மேட்டிலிருந்து பார்த்தால் தெற்கு திறந்திருக்கும். அக்கா மகனிடம் பைனாகுலர் கேட்டிருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.