ரொம்ப வருஷம் கழிச்சு திரும்பவும் கலர் பென்சில்ல முகம் வரைய ஆசையா இருக்கு. பழைய கை வருமா? புது பென்சில் செட் வாங்கணுமா?

கை கண்டிப்பா வரும், அத பத்தி கவலையே படாதீங்க. நீங்க கேட்டிருக்கற விதத்த பாத்தா பழைய நோட்ட எடுத்து பாத்துட்டு "இதெல்லாம் நானா வரைஞ்சேன்"னு மலைச்சு போய் உக்காந்திருக்கீங்கன்னு தோணுது. நானும் வருஷக்கணக்கா விட்டுட்டு திரும்பி வந்தவதான், அதனாலதான் ஆபீஸ் வேலைய ஓரமா வச்சிட்டு இத டைப் பண்றேன். கை எங்கயும் போயிருக்காது, பொறுமைதான் போயிருக்கும். கலர் பென்சில்ல ஒரு ஏ4 சைஸ் முகம் ஒழுங்கா முடிக்க 20 மணி நேரத்துலேருந்து 40 மணி நேரம் வரைக்கும் இழுக்கும், முதல் ரெண்டு மூணு நாள் பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். முன்னாடி அது நமக்கு தெரியும், தாங்கிக்குவோம். இப்போ போன்ல 30 செகண்ட்ல ஒரு முகம் முழுசா முடியற வீடியோவா பாத்து பழகிட்டதால, மூக்கு பக்கத்துலயே எழுந்து போயிடறோம்.

நான் ஏன் விட்டேன்னு சொல்லிடறேன், ஏன்னா திரும்பி வந்த கதை அதோட ஒட்டினது. ஆர்டர் எடுத்து வரைஞ்சிட்டு இருந்தேன். ஒரு கல்யாணப் பொண்ணு படம், மாநிறத்த விட கொஞ்சம் கருத்த நிறம், வெயில்ல எடுத்த போட்டோ, கன்னத்துல அந்த வெளிச்சம் அப்படி ஒரு அழகு. ராத்திரி ராத்திரியா உக்காந்து முடிச்சு குடுத்தா, வாங்க வந்தவங்க பாத்துட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா பொண்ண கொஞ்சம் கலரா போட்டிருக்கலாமே"ன்னு சொன்னாங்க. அந்த பொண்ணும் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தா. அவ மூஞ்சிய பாத்தப்புறம் எனக்கு அடுத்த ஆர்டர் எடுக்க மனசே வரல. பாதி பணத்த திருப்பி குடுத்துட்டு பென்சில் டப்பாவ பீரோ மேல தூக்கி வச்சதுதான், அப்புறம் குழந்தை, வேலை, வீடு மாத்தினதுன்னு அப்படியே போச்சு. இத படிச்சிட்டு யாராவது "கஸ்டமர் கேக்கறத குடுக்கறதுதான தொழில்"னு சொல்ல வருவீங்க, தெரியும். சட்டை கலர் மாத்த சொல்லட்டும், பின்னாடி மரத்த எடுக்க சொல்லட்டும், செய்வேன். ஒருத்தரோட தோல் அவங்களோடது, அதுல கை வைக்க மாட்டேன்.

திரும்பி வந்தது எங்க மாமாவால. அம்மா கூட பொறந்தவர், வாழ்நாள் பூரா லாரி ஓட்டினவர், கோவில்பட்டி பக்கம். போன தீபாவளிக்கு ஊருக்கு போயிருந்தப்போ திண்ணையில உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்தார், அப்பதான் கவனிச்சேன், அவர் முகத்தோட ரெண்டு பக்கமும் ரெண்டு நிறம். நம்ம ஊர்ல டிரைவர் சீட் வலது பக்கம், ஜன்னல் வெயில் பூரா வலது கன்னத்துல. அந்த பக்கம் இடது பக்கத்த விட ஒரு படி கருத்து, கண்ணோரம் சுருக்கமும் அந்த பக்கம்தான் ஆழமா இருந்துது. இத்தன வருஷம் பாத்த முகம், அன்னைக்குத்தான் கண்ணுல பட்டுது. நாலஞ்சு போட்டோ எடுத்துட்டு வந்தேன். பியூட்டி மோட ஆஃப் பண்ணி எடுக்கணும் பாத்துக்கோங்க, இல்லன்னா அந்த ரெண்டு நிறத்தையும் போனே ஒண்ணாக்கி, சுருக்கத்த வழிச்சு எடுத்து குடுத்துடும்.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, நெட்ல கிடைக்கற ஹீரோயின் போட்டோவ வச்சு ஆரம்பிக்காதீங்க. உங்களுக்கு நல்லா தெரிஞ்ச முகமா எடுங்க. தெரிஞ்ச முகம்னா எங்க தப்புதுன்னு கண்ணே சொல்லிடும். போட்டோவ பாத்து வரையறது கலையான்னு கேக்கறவங்களுக்கு, ஒரு மனுஷன 30 மணி நேரம் ஆடாம அசையாம உக்கார வைக்க முடியுமா சொல்லுங்க.

நீங்க நாப்பது தாண்டினவங்களா இருந்தா முதல்ல கண் டாக்டர்ட்ட போயிட்டு வாங்க, சீரியஸா சொல்றேன். எனக்கு கை நடுங்குது, கோடு சரியா விழல, அவ்ளோதான் போலன்னு நெனச்சிட்டு இருந்தது கடைசில வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டதும் இமை முடி ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. அப்புறம் வெளிச்சம், மஞ்ச பல்புல உக்காந்தா ப்ரவுன் எல்லாம் ஒரே ப்ரவுனா தெரியும். பகல்ல ஜன்னலோரம் உக்காருங்க, முடியலன்னா 5000-லேருந்து 6500 கெல்வின் வரைக்கும் உள்ள, அதாவது பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளையா எரியற எல்இடி விளக்கு.

மாமா படத்த எப்படி பண்ணேன்னு சொல்றேன், உங்களுக்கு விட்டு போனதெல்லாம் ஞாபகம் வரும். கலர் பென்சில் கண்ணாடி மாதிரி, அடியில போட்ட நிறம் மேல தெரியும். அதனால லேசா, ரொம்ப லேசா, பத்து பதினஞ்சு லேயர். ஆரம்பத்துலயே அழுத்திட்டா பேப்பரோட டூத், அதாவது அந்த சொரசொரப்பு, அடைஞ்சு போயி மேல எதுவும் ஒட்டாது. முதல்ல நிழல் விழற இடமெல்லாம் டார்க் இண்டிகோ, அதாவது கருநீலம், அதுக்கு மேல வால்நட் ப்ரவுன், அப்புறம் பர்ன்ட் சியன்னா. இடது கன்னம் அதோட நின்னுடுச்சு. வலது கன்னத்துக்கு இன்னும் டார்க் செபியாவும், காபுட் மார்ட்டுவம்னு ஒரு கத்திரிப்பூ கலந்த ப்ரவுன் இருக்கு, அதுவும் தேவைப்பட்டுது. கருப்பு பென்சில தொடவே இல்ல, கருப்ப போட்டா தோல் செத்து போயிடும். நெத்தியில வெயில் மினுங்கற இடத்துல வெள்ளை வைக்கணும்னு தோணும், உத்து பாருங்க, கருத்த தோல்ல அந்த மினுமினுப்பு வெளிர் நீலமா இருக்கும், வானம் பிரதிபலிக்குது. பேப்பர அங்க சும்மா விட்டுட்டு கடைசில லேசா வெளிர் நீலம் ஒரு தடவு தடவினேன், நெத்தி அப்படியே எழுந்து நின்னுடுச்சு. முடிச்சு அனுப்பினப்போ மாமா போன் பண்ணி "ஏட்டி, எல்லாரும் என்ன சிவப்பா காட்டுவாக, நீ ஒருத்திதாம்ட்டி என்னய வரைஞ்சிருக்க"ன்னார்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தமில்லன்னு நெனச்சாலும் பரவால்ல. சின்ன வயசுல நம்ம எல்லார் டப்பாலயும் ஒரு இளஞ்சிவப்பு பென்சில் இருக்கும், "ஸ்கின் கலர் குடு"ன்னு கேட்டா அததான் எடுத்து நீட்டுவோம். அந்த கிளாஸ்ல ஒருத்தர் தோலும் அந்த நிறத்துல இருந்திருக்காது. அமெரிக்காவுல கிரயோலா கம்பெனி ஒரு கிரயானுக்கு "ஃபிளெஷ்", அதாவது சதைன்னு போட்டிருந்த பேர 1962-லயே "பீச்"னு மாத்திட்டாங்க. என் பையன் இன்னைக்கும் ஸ்கூல்லேருந்து வந்து ஸ்கின் கலர் பென்சில் தீந்துடுச்சு வாங்கி குடுங்கறான். கருத்த தோல்ல வெளிச்சம் எப்படி உக்காரும்னு பாக்கணும்னா ஓவியர் இளையராஜா படங்கள தேடி பாருங்க, விகடன்லயெல்லாம் வந்திருக்கு. 2021 ஜூன்ல கொரோனாவுல போயிட்டார், இன்னும் மனசு ஆறல. அவர் பென்சில் ஆள் இல்ல, ஆயில், வாட்டர்கலர்தான், ஆனா அந்த கதவோரம் நிக்கற பொண்ணுங்க முகத்துல இருக்கற ப்ரவுன்கள மட்டும் எண்ணி பாருங்க.

சரி, செட் வாங்கணுமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம். பழைய பென்சில் கெட்டு போகாது. கீழ விழுந்து உள்ள உடைஞ்சிருந்தா சீவ சீவ முனை விழுந்துட்டே இருக்கும், அது மட்டும்தான் தொல்லை. பிரிஸ்மாகலர் மாதிரி மெழுகு பென்சில்ல வரைஞ்ச பழைய படங்கள்ல, இருட்டான இடத்துல வெள்ளையா பூத்திருக்கும், பூஞ்சைன்னு பயப்படாதீங்க, மெழுகு மேல வந்திருக்கு, மெத்துன்னு ஒரு துணியால லேசா துடைச்சா போயிடும். ஃபேபர் காஸ்டெல் கம்பெனியோட பாலிக்ரோமோஸ் பென்சில் எண்ணெய் சேத்தது, அந்த அளவுக்கு பூக்காது, முனையும் கூரா நிக்கும், அதனால இமை, மீசை, புருவத்துக்கு எனக்கு அதுதான். 120 கலர் செட் விலைய பாத்து மலைக்க வேண்டாம், சில்லறையா விக்கற கடை பெரிய ஊர்கள்லயும் ஆன்லைன்லயும் இருக்கு, நான் மேல சொன்ன ப்ரவுன்களும் கருநீலமும் வாங்கினாலே நம்ம ஊர் முகம் பாதி வந்துடும். பாலிக்ரோமோஸ் பென்சில் மேல ஸ்டார் போட்டிருக்கும், மூணு ஸ்டார்னா சீக்கிரம் வெளுக்காது. ரோஸ், வயலட் வகையறா வாங்கும்போது அத கட்டாயம் பாருங்க, பொதுவா அதுங்கதான் முதல்ல வெளுக்கும். காசு செலவு பண்றதா இருந்தா பேப்பர்ல பண்ணுங்க, 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரஸ் வாட்டர்கலர் பேப்பர், அதாவது தடிமனா, மேல வழவழன்னு இருக்கறது. பழைய கட்டுல மிச்சம் இருக்கறத வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, பீரோல இருந்ததுல ப்ரவுன் புள்ளி விழுந்திருக்கும், அது முகத்து நடுவுல வந்து நின்னா ஒண்ணும் பண்ண முடியாது.

திரும்பி ஆர்டர் எடுக்கற எண்ணம் இருந்தா நிறம் மாத்தி வரைஞ்சு தர மாட்டேன்னு முதல் வரியிலயே எழுதிடுங்க. நான் இப்போ அப்படித்தான் போட்டிருக்கேன். கேட்டுட்டு போறவங்க போறாங்க, ஆர்டர் முன்ன மாதிரி இல்ல. ஆனா போன மாசம் ஒரு பொண்ணு அந்த வரிய பாத்துட்டுதான் வந்தேன்னு சொல்லி அவங்க அப்பா போட்டோவ அனுப்பினாங்க, இப்போ அதுதான் மேஜை மேல ஓடிட்டு இருக்கு.