கார் டர்போவுக்கு ஆயில் மட்டும் போதாதா? கூலன்ட் லைன் எதற்கு?

கேள்வி: என்னுடையது டர்போ பெட்ரோல் கார். டர்போவுக்குப் போகிற கூலன்ட் ஹோஸ் ஒழுகுகிறது. "லாரி டர்போவெல்லாம் வெறும் ஆயில்லதான் ஓடுது, இதை அடைச்சு விட்டுடலாம் சார்" என்கிறார் மெக்கானிக். அடைக்கலாமா?

அடைக்க வேண்டாம். ஹோஸை மாற்றுங்கள்.

உங்கள் மெக்கானிக் சொல்வதில் பாதி சரிதான். தண்டையார்பேட்டையில் எங்கள் ஒர்க்ஷாப் பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அதில் பழைய வண்டி ஒன்றின் டர்போவைப் பாருங்கள். மேலே ஆயில் வருகிற ஒல்லியான பைப், கீழே ஆயில் இறங்குகிற தடித்த பைப், அவ்வளவுதான். 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட்டும் அதே கதைதான். லாரியிலேயே பழகின கைக்கு, பெட்ரோல் டர்போவில் கூடுதலாக இருக்கிற இரண்டு கூலன்ட் பைப்பும் வெட்டியாகத்தான் தெரியும்.

ஆனால் டர்போவைச் சுற்றவைத்து இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்க வைப்பது இன்ஜினின் புகைதான். அந்தப் புகையின் சூடு டீசலில் வேறு, பெட்ரோலில் வேறு. முழு லோடில் டீசல் புகை டர்போவுக்குள் நுழையும்போது ஏறக்குறைய 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் இருக்கும். பெட்ரோலில் அது 950-ஐத் தொடும், சில இன்ஜின்களில் 1,000-ஐயும் தாண்டும். டீசல் வண்டி ஐடிலில் நின்றால் புகையின் சூடு மளமளவென்று இறங்கிவிடும். பெட்ரோலில் அந்த அளவுக்கு இறங்காது.

இன்ஜின் ஓடுகிறவரை ஆயில்தான் ராஜா. சுண்டுவிரலைவிட ஒல்லியான ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றுகிறது. அதைத் தாங்குவதும் ஆயில் படலம்தான், சூட்டைப் பெருமளவு வாரிக்கொண்டு போவதும் ஆயில்தான். சிக்கல் சாவியைத் திருப்பி அணைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஆயில் பம்ப் நின்றுவிடும். புகைப் பக்கத்து இரும்பு இன்னும் தகித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூடு மெதுவாக ஷாஃப்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும் இருக்கிற நடுப்பகுதிக்கு, அதாவது கோருக்கு, நகரும். அங்கே தேங்கின கொஞ்ச ஆயில் அப்படியே வெந்து கரியாகும். அப்படிப் போன ஒரு கோரைப் பிரித்தால் ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருக்கும். உள்ளே தோசைக்கல் ஓரத்தில் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி கறுப்பாக ஒட்டியிருப்பதை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அது உதிர்ந்து ஆயில் துவாரத்தை அடைக்கும், புஷ்ஷைக் கீறும், ஷாஃப்ட் ஆட ஆரம்பிக்கும். அப்புறம் சைலன்சரில் நீலப் புகை.

கூலன்ட் இருப்பது முக்கியமாக இந்த நேரத்துக்காகத்தான். இன்ஜின் நின்ற பிறகும், டர்போவுக்குள் சூடான கூலன்ட் தானாக மேலே ஏறி வெளியேறும், கீழிருந்து சூடு குறைந்தது உள்ளே வரும். பம்ப்கூட வேண்டாம். கொஞ்சம் கொதித்தாலும் அந்தக் குமிழிகள் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சில கார்களில் இதற்கென்றே சின்ன எலக்ட்ரிக் பம்ப் உண்டு. வண்டியை அணைத்த பிறகும் பானெட்டுக்குள் "ம்ம்ம்" என்று சத்தம் வருகிறதே என்று பயந்து பேட்டரி ஒயரைக் கழற்றினவர்கள் இருக்கிறார்கள். அதைக் கழற்றாதீர்கள், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே ஹோஸ் மாற்றும்போது அது போகிற வழியைக் கவனியுங்கள். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பதை நீளமாக விட்டு, நடுவில் திமில் மாதிரி மேலே தூக்கிவிட்டு மாட்டினால் காற்று அங்கே சிக்கிக்கொள்ளும், ஓட்டம் நின்றுவிடும். கம்பெனி ஹோஸ் வளைந்திருக்கிற விதத்துக்குக் காரணம் இருக்கிறது. போல்ட் இணைப்பாக இருந்தால் வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பிறகு காற்றை முழுக்க எடுக்க வேண்டும்.

அடைத்தால் உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் இதிலுள்ள ஆபத்து. மாதக்கணக்கில் ஓடிவிட்டுப் பிறகு டர்போ படுக்கும்போது யாருக்கும் இது ஞாபகம் இருக்காது. இன்னொன்று, டர்போவின் இரண்டு வாயையும் பிளக் போட்டு அடைத்து உள்ளே தண்ணீர் மாட்டிக்கொண்டால், சூடேறி ஆவியாகும்போது போக வழியே இருக்காது. அது சேதத்தோடு நிற்காது, ஆளுக்கே ஆபத்து.

நம்ம ஏரியாவில் ஓட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு கிலோமீட்டர் நெரிசலில் ஊர்ந்து வீடு சேர்கிறவர்கள் வாசலில் மூன்று நிமிடம் ஐடிலில் நிற்பது வெட்டி வேலை, டர்போ வழியிலேயே ஆறியிருக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அணைப்பதும் பரவாயில்லை. கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து டீக்கடை முன்னால் சட்டென்று சாவியைத் திருப்புகிறீர்களே, அங்கேதான் ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்பு ஏறின போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. டர்போ லைனின் துவாரங்கள் சின்னவை. துருவும் உப்புப் படிவும் முதலில் அடைப்பது அங்கேதான். கம்பெனி சொன்ன கூலன்ட், கலக்க வேண்டுமென்றால் டிஸ்டில்டு வாட்டர், வேறெதுவும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு டீசல் கார்க்காரர்கள் யாரும் கூலன்ட் லைன் போட லேத்துக்கு ஓட வேண்டாம். உங்கள் டர்போவில் தண்ணீர் வாயே இல்லை என்றால் அது ஆயிலை மட்டும் நம்பிச் செய்தது. நல்ல ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதும்.