தோரின் பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

இடித்தெய்வம் தோரைப் பற்றி 2022இல் வந்த படத்தின் முடிவில் அவரோடு சேர்ந்து சண்டைக்குப் போகும் சிறுமி அவருடைய மகளா? வீட்டில் பிள்ளைகள் இருவருக்கும் ஓயாத வாக்குவாதம்.
– வாசகி, வாழைச்சேனை

பெற்ற மகள் இல்லை, வளர்ப்பு மகள். படத்தின் தொடக்கத்தைத் தவறவிட்டவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் வரும். பாலைவனத்தில் தாகத்தால் தகப்பனின் கையிலேயே உயிர்விடுகிறாளே, அதே பிள்ளைதான் இவள். தகப்பன் பெயர் கோர். கும்பிட்ட தெய்வம் கைவிட்டதால் தெய்வங்களையெல்லாம் கொன்றொழிக்கக் கிளம்புகிறவன். கடைசியில் ஒரே ஒரு வரம் கேட்கும் வாய்ப்பு வரும்போது பழியை விட்டுவிட்டு மகளின் உயிரைக் கேட்கிறான். அவளைத் தோரிடம் ஒப்படைத்துவிட்டு இறந்துபோகிறான்.

நடித்த சிறுமி, தோராக நடிக்கும் கிறிஸ் ஹெம்ஸ்வர்த்தின் சொந்த மகள் இந்தியா ரோஸ். "மகள்தான்" என்று சாதிக்கும் பிள்ளை இதை எங்காவது கேள்விப்பட்டிருக்கக்கூடும்.

அவள் கையில் இருப்பது ஸ்டார்ம்பிரேக்கர் கோடாரி, தோரின் கையில் மியோல்னிர் சுத்தியல். ஆயுதங்கள் கைமாறிய விதம் விளங்க வேண்டுமென்றால் முதலில் 2017இல் வந்த தோர் படத்தைப் பாருங்கள், சுத்தியல் உடைவது அதில்தான். அடுத்து 2018இல் வந்த அவெஞ்சர்ஸ் படம், கோடாரி வார்க்கப்படுவது அதில். பிறகு 2022 படத்துக்கு வாருங்கள். நடுவில் ஒன்றை விட்டாலும் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லி முடியாது.

பழைய நோர்ஸ் (வட ஐரோப்பிய) புராணத்தில் தோருக்கு உண்மையில் எத்தனை பிள்ளைகள்? இணையத்தில் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.
– உயர்தர மாணவன், கல்முனை

மூவர். மக்னி, மோதி என்று இரண்டு ஆண்கள், த்ரூத் என்று ஒரு பெண். மக்னியின் தாய் யார்ன்சாக்ஸா, அரக்கர் குலத்துப் பெண். த்ரூத், மனைவி சிஃப் பெற்ற மகள். மோதியின் தாய் யாரென்று பழைய நூல்கள் சொல்லவில்லை, ஆகவே யாராவது ஒரு பெயரைப் போட்டிருந்தால் அது பின்னால் ஒட்டவைத்தது. நான்காவதாக உல் என்ற பெயரையும் சிலர் சேர்ப்பார்கள். அவன் சிஃப்புடைய மகன், தோருக்கு மாற்றான் பிள்ளை. கணக்குக் குழம்புவது பெரும்பாலும் இவனால்தான்.

மக்னியின் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டர்லுசன் 1220 அளவில் தொகுத்த எட்டா என்ற புராண நூலில் அது இருக்கிறது. ஹ்ருங்னிர் என்ற அரக்கனுக்குக் கல்லால் ஆன தலை, மூன்று முனையுள்ள கல் இதயம். ஆயுதம் ஒரு சாணைக்கல். தோர் சுத்தியலை எறிய, அவன் சாணைக்கல்லை எறிய, இரண்டும் ஆகாயத்தில் மோதுகின்றன. கல் இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு தோரின் தலையில் ஏறுகிறது. சுத்தியல் அரக்கனின் மண்டையைத் தூளாக்குகிறது. செத்து விழும் அரக்கனின் கால் தோரின் கழுத்துக்கு மேலே கிடக்கிறது. வேலைக்காரன் தியால்ஃபி தூக்கிப் பார்க்கிறான், அசையவில்லை. தேவர்கள் எல்லோரும் சேர்ந்து தூக்குகிறார்கள், அப்போதும் அசையவில்லை. பிறகு மக்னி வருகிறான். பிறந்து மூன்றே இரவு ஆன பிள்ளை (சில ஏட்டுப் பிரதிகளில் மூன்று வயது). காலைத் தூக்கி எறிந்துவிட்டு, "பிந்தி வந்துவிட்டேனே அப்பா, முந்தி வந்திருந்தால் கைமுட்டியாலேயே அவனை முடித்திருப்பேன்" என்கிறான். தோர் மனம் குளிர்ந்து அரக்கனின் குதிரை குல்ஃபாக்ஸியை அவனுக்குக் கொடுக்கிறார். பாட்டன் ஒடினுக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு நல்ல குதிரையைத் தகப்பனாகிய தனக்குக் கொடுக்காமல் அரக்கியின் மகனுக்குக் கொடுப்பதா என்று குறைப்படுகிறார்.

இதை முன்னைய கேள்வியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். படத்தில் தோர் வளர்ப்பது பகைவனின் மகளை. புராணத்தில் தோரைக் காப்பாற்றுவது பகைக்குலத்துத் தாயின் மகன். படம் எடுத்தவர்கள் மக்னியை ஒருமுறைகூடத் திரைக்குக் கொண்டுவரவில்லை. ஆனாலும் கதையின் நாடியைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள் என்பதே எனது எண்ணம்.

தோரின் சகோதரன் லோகி, சகோதரி ஹேலா என்று படத்தில் வருகிறதே?
– ஏறாவூர்

படத்தில் மட்டும். புராணத்தில் லோகி ஒடினோடு இரத்த உறவுச் சத்தியம் செய்துகொண்டவன், தோருக்குத் தம்பி அல்ல. படத்தின் ஹேலாவுக்கு மூலமான ஹெல் என்பவள் லோகியின் மகள்.

மகள் த்ரூத்துக்குத் தனிக்கதை இல்லையா?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

ஒன்று இருக்கிறது, அதில் அவள் பேசுவதே இல்லை. அல்விஸ் என்ற குள்ளன் தோரின் மகளைத் தனக்கு நிச்சயித்தது என்று சொல்லிக் கூட்டிப்போக வருகிறான். இந்தக் கதையைச் சொல்லும் பழைய பாட்டில் மகளின் பெயரும் கிடையாது, த்ரூத் என்று நாம் கொள்வது மற்ற நூல்களைப் பார்த்து. தோர் வழக்கமாகச் செய்வதுபோல் சுத்தியலை எடுக்கவில்லை. பூமிக்கு என்ன பெயர், வானத்துக்கு என்ன பெயர், நிலவுக்கு என்ன பெயர் என்று வரிசையாக 13 கேள்வி கேட்கிறார். எல்லாம் தெரிந்த குள்ளன் ஒவ்வொன்றுக்கும் தேவர், அரக்கர், மனிதர் சொல்லும் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறான். பொழுது விடிந்துவிடுகிறது. குள்ளர்களுக்கு வெயில் ஆகாது, அது பட்டதும் அவனுடைய கதை முடிந்தது. பலத்துக்குப் பெயர்போன தோர் புத்தியால் வெல்லும் அபூர்வமான இடம் இது. வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஹ்ருங்னிரை "த்ரூத்தின் கள்வன்" என்று குறிக்கும் பழைய கவி வரியும் ஒன்று உண்டு. அவன் அவளைக் கடத்தியதாக ஒரு கதை இருந்து அழிந்திருக்க வேண்டும்.

எங்கள் திரௌபதை அம்மன் கோயில் பாரதக் கதையில் அருச்சுனன் இந்திரனின் மகன். இடியும் வச்சிரமும் இந்திரனுக்கு. அப்படியென்றால் மக்னியும் அருச்சுனனும் ஒன்றா?
– பாண்டிருப்பு

நல்ல கேள்வி. தகப்பன்மார் இருவரும் மிக நெருக்கம். இருவருக்கும் இடி, இருவருக்கும் கைக்கருவி, இருவரும் பெரும் பாம்பொன்றோடு மோதுகிறவர்கள். பிள்ளைகளில்தான் வழி பிரிகிறது. அருச்சுனன் தகப்பன் இருக்கும்போதே இந்திரலோகம் போய் 5 ஆண்டு தங்கி ஆயுதம் பயில்கிறான். அதற்கு முன்பு காண்டவ வனத்தில் இந்திரன் பெய்த மழையை அம்பால் தடுத்துத் தகப்பனையே எதிர்க்கிறான். இந்திரனோ பிராமண வேடத்தில் போய்க் கர்ணனின் கவசகுண்டலத்தைக் கேட்டு வாங்கிவந்து மகனைக் காக்கிறான். நோர்ஸ் கதையில் தகப்பன் பிள்ளைக்கு ஆயுதம் பழக்குவதும் இல்லை, இருவரும் மோதிக்கொள்வதும் இல்லை. உலகம் அழியும் ரக்னராக் போரில் தோர் பெரும்பாம்பைக் கொல்கிறார், அதன் நஞ்சால் ஒன்பது அடி நடந்து விழுந்து இறக்கிறார். தீ அடங்கிய பிறகு மக்னியும் மோதியும் சுத்தியலை எடுத்துக்கொள்கிறார்கள். பழைய பாட்டில் இருவருக்கும் ஒதுக்கியது அந்த ஒற்றை வரிதான். தகப்பன் இல்லாத உலகத்துக்கு ஒரு கை வேண்டும், அதற்கே அந்தப் பிள்ளைகள்.

மக்னி கதையைத் தரம் 5 பிள்ளைகளைக் கொண்டு மேடையேற்றப் போகிறோம். சுத்தியலும் அரக்கனின் காலும் செய்வது எப்படி?
– ஆசிரியர், அக்கரைப்பற்று

முதலில் கால். ஒரு பிள்ளையின் கழுத்தில் எந்தப் பாரமும் படக்கூடாது. வெறும் உரப்பைகள் இரண்டை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், உரத்தூள் இருந்தால் தோல் கடிக்கும். 4 அடி நீளத்துக்குக் குழாய்போலத் தைத்து வைக்கோலைத் தளர்வாக நிரப்புங்கள். இறுக்கி அடைத்தால் மக்னியாக வரும் சின்னவனால் உண்மையிலேயே தூக்க முடியாமல் போகும். மேடையில் தோரின் தலைப்பக்கம் உயரம் குறைந்த வாங்கு ஒன்றும் கால்பக்கம் இன்னொன்றும் போட்டு, சாக்குத்துணியால் மறைத்து, காலை அவற்றின் மேல் கிடத்துங்கள். சபைக்குக் கழுத்தின் மேல் கிடப்பதாகத் தெரியும், பிள்ளைக்கும் காலுக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி இருக்கும்.

சுத்தியலுக்கு ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகை. 9 அங்குல நீளம், 5 அங்குல அகலம், 5 அங்குல உயரம் போதும். கைப்பிடிக்கு அரை அங்குல பிவிசி குழாயில் 10 அங்குலத் துண்டு, அதில் 4 அங்குலம் தலைக்குள் போக வேண்டும். வெளியே தெரியும் பிடி கட்டையாக இருப்பதுதான் சரி. குள்ளர்கள் சுத்தியலை அடிக்கும்போது லோகி ஈயாக வந்து ஒருவனின் கண்ணிமையில் கடித்ததால் பிடி கட்டையாகிப் போனது என்பது கதை. பைண்டர் கம்மில் தண்ணீர் கலந்து பத்திரிகைத் தாள் கீற்றுகளை மூன்று படை ஒட்டுங்கள். ஒரு படை காய்ந்த பிறகே அடுத்தது. மாரி மழைக்காலத்தில் இதற்கு நாள் கூடுதலாகப் பிடிக்கும். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடித்துத் தாள் உரிந்துவரும். ஸ்ப்ரே பெயின்ட் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்று குழியாக்கிவிடும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனில் சாம்பல் நிறம் கலந்து பூசுங்கள்.

ஒத்திகையில் கவனிக்க ஒன்று. மக்னி ஓடிவந்ததும் தூக்கிவிடக் கூடாது. தியால்ஃபியும் மற்றப் பிள்ளைகளும் மூச்சிரைக்க முயன்று தோற்றதைச் சபை நன்றாகப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு நிமிடமாவது விடுங்கள்.

காட் ஆஃப் வார் விளையாட்டில் மக்னியும் மோதியும் கெட்டவர்களாக வந்து சாகிறார்களே, அது புராணமா?
– காத்தான்குடி

இல்லை. 2018 விளையாட்டுக்காக எழுதியது. புராணத்தில் அழிவுக்குப் பின்னும் வாழ்கிறவர்கள் அவர்கள். 2022இல் வந்த அடுத்த பாகத்தில் த்ரூத்தும் வருகிறாள், அவளை அன்போடு எழுதியிருக்கிறார்கள். இரண்டும் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான விளையாட்டு. தம்பி தங்கைக்குக் கொடுக்காதீர்கள்.